விழுந்து கும்பிட்டவனும் கூப்பாடு போட்ட கடிகாரமும்

என் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கு எங்கள் மேல் பாசம் பொங்கினால் ராஜபாளையத்துக்கு ஒரு பார்சல் வரும். முதலில் பிரஷர் பார்க்கிற மிஷின் வந்தது. பொறவு வாசலில் மாட்டுகிற கேமரா வந்தது. அதில் தெரு நாய்களும் நானும் தவிர வேறு யாரும் இதுவரை விழுந்ததில்லை. போன வருஷம் ஆவணியில் வந்தது ஒரு கைக்கடிகாரம்.

கடிகாரம் என்று பேர்தான். மணி காட்டுவது அதற்குக் கடைசி வேலை. நெஞ்சு எத்தனை தரம் அடித்தது, தூக்கத்தில் எத்தனை தரம் புரண்டேன், காலையிலிருந்து எத்தனை எட்டு வைத்தேன், எல்லாம் அதற்குத் தெரிய வேண்டும். செத்த நேரம் அசையாமல் உட்கார்ந்தால் மணிக்கட்டில் எறும்பு கடித்த மாதிரி ஒரு நடுக்கம் கொடுக்கும். குனிந்து பார்த்தால் 'எழுந்து நடங்கள்' என்று எழுதியிருக்கும். நான் எட்டாவது வரைக்கும் படித்துவிட்டு நூல் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்தவன். முப்பது வருஷம் மில் சங்குக்கு எழுந்து, மில் சங்குக்குச் சாப்பிட்டு, மில் சங்குக்கு வீடு திரும்பினேன். ரிட்டயர் ஆன அன்றைக்கு, இனிமேல் ஒரு பயல் என்னை எழுப்ப முடியாது என்று நினைத்தேன். அதே சங்கைச் சின்னதாகச் செய்து கையில் கட்டி விட்டார்கள்.

"பெத்த பிள்ளை ஆசையா அனுப்பியிருக்கான், கட்டுங்களேன்" என்றாள் என் மனைவி. அவளுக்கும் ஒன்று அனுப்பியிருந்தான். பாத்திரம் தேய்க்கும்போது உறுத்துகிறது என்று அவள் அதைச் சாமி அலமாரியில் கழற்றி வைத்துவிட்டாள். விளக்கேற்றும்போது அதற்கும் சேர்த்து ஒரு கும்பிடு விழும்.

மகளைத் தளவாய்புரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மருமகனுக்கு நைட்டி தைத்து வெளியூருக்கு அனுப்புகிற தொழில். முன்கட்டில் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும், மகளும் ஒரு மிஷினில் உட்காருவாள். கல்யாணமாகி ரெண்டு தரம் உண்டாகி, ரெண்டும் தங்கவில்லை. ரெண்டாவது தரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, வயிற்றெரிச்சலில் என் மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னேன்: "மிஷினை மிதிச்சு மிதிச்சே பிள்ளையத் தொலைச்சிட்டா." ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் கட்டில் கிடந்தது எனக்குத் தெரியாது. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. 'சாப்ட்டீங்களாப்பா', 'மாத்திரை போட்டீங்களாப்பா' என்ற ரெண்டு கேள்வியோடு ஒரு வருஷம் போய்விட்டது. வேறு பேச்சு இல்லை.

போன புரட்டாசியில் அவளுக்கு மூன்றாவது தரம், ஏழாவது மாதம். டாக்டரம்மா கட்டிலை விட்டு எழுந்திரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் சாமி அலமாரி முன்னால் நின்று நேர்ந்துகொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே குன்றின் மேல் நிற்கிற பெருமாளுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை நாலிலும் வீட்டிலிருந்தே வெறுங்காலோடு நடந்து வருகிறேன், வயிறு காலி, வாயும் காலி. அவன் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டேன், 'ம்' கூடச் சொல்லமாட்டேன். சொல்லக் கூடாததைச் சொன்ன நாக்கு இது, இதைக் கட்டிப் போடுகிறேன், நீ பிள்ளையை நிறுத்திக் கொடு. இதுதான் எனக்கும் அவனுக்கும் பேச்சு.

மகனிடம் சொன்னதும் அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"சூப்பர்ப்பா. பன்னெண்டு பதினஞ்சு கிலோமீட்டர் வரும்ல? ஹார்ட்டுக்கு ரொம்ப நல்லது."

"ஏலே, நான் ஹார்ட்டுக்கு நடக்கலடா."

"சரிப்பா, எதுக்கோ நடங்க. ஆனா வாட்ச் கட்டணும். போன் பையில இருக்கணும். லைவ் லொக்கேஷன் போட்டு விட்ருங்க. எங்க இருக்கீங்கன்னு நாங்க பார்த்துக்கிட்டே இருப்போம்."

லைவ் லொக்கேஷன் என்றால், நான் ரோட்டில் நடக்க நடக்க, என் படத்தை ஒட்டிய ஒரு பொட்டு அவர்கள் போனில் ஊர்ந்து போகும். அதைச் சொந்தபந்தம் எல்லாம் இருக்கிற வாட்சப் குழுவில் போட்டுவிட்டான். முதல் சனிக்கிழமை, விடிந்து வெயில் ஏறின நேரம், ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். பையில் போன் கிணுகிணு என்று அடிக்கத் தொடங்கியது. என் மதினி, மகன், மருமகன், செட்டியார்பட்டியில் இருக்கிற சின்ன மைத்துனன், ஆளுக்கொரு செய்தி: 'ஏன் நின்னுட்டீங்க?' 'மயக்கமா?' 'தண்ணி குடிங்க.' ஒன்றுக்குப் போக முள்ளுக்காட்டுப் பக்கம் ஒதுங்கினேன். 'ரோட்டை விட்டு எறங்கிட்டாரு' என்று மைத்துனன் குழுவில் அறிவித்துவிட்டான்.

இடது கைப்பக்கம் மேற்கு மலை கூடவே வருகிறது. அந்த மலையில் புலி எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று பார்க்க மரத்துக்கு மரம் கேமரா கட்டியிருக்கிறார்களாம். அப்படியும் புலி என்றைக்காவது ஒரு நாள்தான் படத்தில் விழுகிறதாம். அதற்குக் கொடுத்து வைத்திருக்கிறது. அதற்கு மைத்துனன் கிடையாது.

இதையெல்லாம் விட வெட்கக்கேடு ஒன்று உண்டு. மூன்றாவது சனிக்கிழமை வரிசையில் நின்று சன்னதிக்குள் போனேன். எனக்கு முன்னால் இருந்தவர் போனை உயர்த்தி நெரிசலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். 'சாமி முன்னால வந்து என்ன வேலை இது' என்று மனசுக்குள் அவரை வைதேன். கற்பூரம் காட்டினார்கள். பெருமாள் முகம் பளிச்சென்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மணிக்கட்டு நடுங்கியது. குனிந்து பார்த்தேன். இருபதாயிரம் எட்டுக்கு இன்னும் நாற்பது பாக்கி என்று காட்டியது. நிமிர்ந்தபோது கற்பூரம் அணைந்துவிட்டது. அதோடு விட்டேனா? வெளிப்பிராகாரத்தில் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றி அந்த நாற்பதையும் நடந்து முடித்தேன். கடிகாரத்தில் வாணவேடிக்கை வெடித்தது. பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு நான் யாரைச் சுற்றினேன் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவியும் மகனும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் சென்னையிலிருந்து சொல்லச் சொல்ல, அவள் என் கடிகாரத்தை வாங்கி ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினாள்.

"என்னட்டி பண்ணுத?" என்றேன்.

"நீங்க எங்கனயாவது விழுந்து கெடந்தா அதுவே எல்லாருக்கும் சொல்லிரும்ங்கான். நல்லதுக்குத்தான்."

யார் யாருக்குச் சொல்லும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

நாலாவது சனிக்கிழமை, கடைசி நடை. விடியக்காலம் கிளம்பியதிலிருந்து மனசு நிறைந்து கிடந்தது. ரோட்டை அகலம் பண்ணுகிறோம் என்று புளியமரங்களை வெட்டி அடுக்கியிருந்தார்கள், அதனால் நிழல் இல்லை. எனக்கு அது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. கால் கொப்பளித்திருந்தது, அதுவும் பெரிதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போது ஒரு இடத்தில் ஆண்டாள் கோபுரம் தூரத்தில் முதல் தடவையாகக் கண்ணில் படும். எங்கள் தெருவிலிருந்து நடக்கிறவர்கள் அந்த இடத்திலேயே ரோட்டோரமாக விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் மேலே நடப்போம். அம்மா வாசல் தெரிந்த பிறகு சும்மா கடந்து போக மனசு வராது.

எனக்குக் கனத்த உடம்பு. முழங்காலை மடக்கி, கையை ஊன்றிப் பைய இறங்குகிற பொறுமை கிடையாது. கோபுரத்தைப் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது, அப்படியே தொப்பென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். நெற்றி மண்ணில் கிடந்தது. 'தாயே, இன்னும் ரெண்டு மாசம். அந்தப் பிள்ளை வயித்துலயே கெடக்கணும்' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன். மணிக்கட்டு நடுங்கியது. எழுந்து நடக்கச் சொல்கிறது போல என்று விட்டுவிட்டேன். மறுபடியும் நடுங்கியது. 'இருடா, கும்பிட்டு எந்திரிக்கேன்' என்று மனசுக்குள்ளேயே அதையும் அதட்டினேன்.

அது என்ன கேட்டது என்று பிறகுதான் தெரியும். 'பலமாக விழுந்துவிட்டீர்கள் போலிருக்கிறது, நலமா?' என்று கேட்டிருக்கிறது. நான் பதில் சொல்லாமல் ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்ததும், ஆள் முடிந்தான் என்று முடிவு கட்டி எல்லாருக்கும் செய்தி அனுப்பிவிட்டது. எம்புட்டோ படித்தவர்கள் சேர்ந்து செய்த மிஷின். விழுகிறதுக்கும் விழுந்து கும்பிடுகிறதுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருத்தரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எழுந்து வேட்டியில் மண்ணைத் தட்டும்போதே போன் அடித்தது. மகன். எடுத்துக் காதில் வைத்தேன்.

"அப்பா? அப்பா! என்னாச்சு? எங்க அடி? அப்பா, பேசுங்கப்பா!"

நான் எப்படிப் பேச? நாலு சனிக்கிழமையில் மூன்றே முக்கால் முடிந்திருக்கிறது. எனக்குப் போனில் எழுத வராது, மைக்கை அமுக்கிப் பேசித்தான் யாருக்கும் செய்தி அனுப்புவேன். மேல்மூச்சு வாங்க நின்றேன். அவன் காதில் மூச்சிரைப்பும் லாரி சத்தமும் மட்டும் விழுந்திருக்கிறது.

"மூச்சு வாங்குதே... வாய் கோணிருச்சாப்பா? ஸ்ட்ரோக்காப்பா?" என்று அழுகிற குரலில் கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

சரி, குழுவில் ஒரு பொம்மையாவது போடுவோம், நன்றாக இருக்கிறேன் என்று புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே பொம்மை கைகூப்புகிற பொம்மை. அதைத் தட்டி விட்டேன். எங்கள் குழுவில் யாராவது இறந்த சேதி வந்தால் எல்லோரும் வரிசையாகப் போடுவது அந்தப் பொம்மையைத்தான் என்பது அந்தப் பதற்றத்தில் என் புத்திக்கு எட்டவில்லை. என் போனிலிருந்து வேறு யாரோ சேதி சொல்கிறார்கள் என்று நினைத்து மதினி வாயிலடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாளாம். மைத்துனன் ஒருபடி மேலே போய், பதிலுக்குத் தானும் ஒரு கைகூப்பு போட்டிருக்கிறான்.

சென்னையிலிருந்து என் மகன் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து அலறிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றது. இறங்கினவர் நல்ல மனுஷன். அதுதான் கஷ்டம்.

"ஐயா, உங்க பேரு என்ன?"

நான் வாயைப் பொத்திக் காட்டினேன்.

"இன்னைக்கு என்ன கெழமை?"

மலையைக் காட்டினேன். சனிக்கிழமையை வேறு எப்படிக் காட்ட?

"பேச்சு இல்ல. கேட்டதும் புரியல" என்று டிரைவரிடம் சொன்னார். "ரெண்டு கையையும் மேல தூக்குங்க ஐயா."

தூக்கினேன். பழக்கதோஷம், மேலே போனதும் ரெண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டது.

நடந்து வந்தவர்கள் கூடிவிட்டார்கள். மஞ்சள் சேலை கட்டிய ஒரு அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "யய்யா, இவருக்கு ஒண்ணுமில்ல. மவுன விரதம். காலையில இருந்து எனக்கு முன்னாலதான் நடக்காரு" என்றார்.

"அப்படியா? அதை அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, நாங்க பாட்டுக்குப் போறோம்" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. வந்தால் ஆளை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று ஆளே சொல்ல வேண்டும், அதுதான் அவருக்குச் சட்டம். கூட்டத்தில் ரெண்டு பேர் என் முகத்துக்கு நேராகப் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பெரியவரே, செத்த இந்தப் பக்கம் திரும்புங்க" என்றான் ஒருத்தன்.

அப்போதுதான் மறுபடி போன் அடித்தது. மகள்.

யாருக்கு என்ன நடந்தாலும் அவள் காதுக்கு எதுவும் போகக்கூடாது என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்ததைக்கூட அவளிடம் மறைத்தோம். என் மனைவிக்கு அது தெரியும், மகனுக்குத் தெரியும், வாய் அடங்காத மைத்துனனுக்குக்கூடத் தெரியும். அவளைக் குழுவிலிருந்தே எடுத்து வைத்திருந்தோம். மனுஷன் என்றால் எதை யாரிடம் சொல்லணும், யாரிடம் முழுங்கணும் என்று இருக்கும். ஆவணியில் பார்சல் வந்த அன்றைக்கே மகன் ஏதோ ஒரு கட்டத்தை நிரப்ப அவள் நம்பரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். கடிகாரம் அவளுக்கும் நேரே அனுப்பிவிட்டது: உங்கள் அப்பா பலமாகக் கீழே விழுந்துவிட்டார், இருக்கிற இடம் இது.

போன் அடித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து மஞ்சள் சேலை அக்கா அதை வாங்கினார்.

"ஏம்மா, உங்கப்பா நல்லாத்தான் இருக்காரு. வாயத்தான் தொறக்க மாட்டேங்காரு" என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். போனில் மகள் குரல் எனக்கே கேட்டது.

"நீங்க யாரு? ஆம்புலன்ஸ் சத்தம் கேக்குது? அப்பாட்ட குடுங்க. அப்பா... அப்பா, நான் இந்தா கெளம்பிட்டேன், ஆட்டோ கூப்பிட்டாச்சு. ஒரு வார்த்தை பேசுங்கப்பா. எப்பா... எம்மேல உள்ள கோவமெல்லாம் அப்புறம் வச்சுக்கிடலாம், இப்ப பேசுங்கப்பா!"

கோபமா? இவள் மேல் எனக்கா?

கோபுரத்தைப் பார்த்தேன். அது என்ன சொல்லும்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் நேர்த்திக்கடன் நிற்கும், மகள் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு வருவாள். எந்தப் பிள்ளைக்காக வாயைக் கட்டினேனோ அந்தப் பிள்ளைக்காகவே வாயைத் திறக்கணும். இப்படி ஒரு முடிச்சைப் பெருமாளே நினைத்தாலும் போட முடியாது. ரெண்டு விரல் அகலக் கடிகாரம் போட்டுவிட்டது.

போனை வாங்கினேன்.

"ஏட்டி, எந்திரிக்காத! போயி படு. எனக்கு ஒண்ணுமில்ல. கோவமும் இல்ல, ஒண்ணுமில்ல. படு தாயி."

அந்தப் பக்கம் ஒரே அழுகை. "படுத்துட்டேன்ப்பா" என்றாள்.

"பேச்சு வருது" என்று ஆம்புலன்ஸ்காரர் எழுதிக்கொண்டார்.

"அடப்பாவமே, மலை கண்ணுக்குத் தெரியுற தூரத்துல போச்சே" என்றார் மஞ்சள் சேலை அக்கா. வண்டி போனது, கூட்டம் கலைந்தது. படம் எடுத்தவர்களுக்கு மட்டும் ஏமாற்றம். மணிக்கட்டு நடுங்கியது. பார்த்தேன். 'அருமை! இன்றைய இலக்கில் பாதியைத் தாண்டிவிட்டீர்கள்.'

மீதி தூரத்தையும் நடந்துதான் போனேன். சன்னதியில் நின்று, "நடந்தது உனக்கே தெரியும், நீயும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்த" என்று சொன்னேன். அதற்கு மேல் சண்டை போடத் தெம்பில்லை. வெளியே வந்து, அங்கே மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் விரதம் முறிந்த கதையைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டேன். "இன்னொரு சனிக்கிழமை நட. ஐப்பசின்னா பெருமாள் கதவைச் சாத்திருவாரா?" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் மகன் போனிலேயே தீர்வு வைத்திருந்தான்.

"அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணிரலாம்ப்பா. ரொம்ப ஈஸி. இல்லன்னா விழுந்ததும் திரையில ஒரு தட்டு தட்டுனா போதும், நீங்க நல்லாருக்கீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிரும்."

"நெடுஞ்சாண்கிடையா விழுந்து, தாயார் கோபுரத்தைக் கும்பிட்டுக்கிட்டே, இடது கையைத் திருப்பி அதுக்கு ஒரு தட்டு தட்டணும். அப்படித்தானே?"

"நான் எதுக்குச் சொல்லுதேன்னா..."

"வேண்டாம்டா. நான் கட்டலை. போனும் எடுக்கலை."

அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது. என் மனைவி சாப்பிட மாட்டேன் என்றாள். மதினி நேரில் வந்து, "உங்களுக்கு வயசு என்ன பதினெட்டா கொளுந்தனாரே? நாங்க ஒரு தடவை அழுதது பத்தாதா?" என்றாள். கடைசியில் தளவாய்புரத்தில் படுத்த படுக்கையாக இருந்த மகள்தான் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"விடுங்க அப்பாவை. போயிட்டு வரட்டும். சாயங்காலம் வரைக்கும் வரலைன்னா தேடிப் போவோம். அதுவரைக்கும் அவிய எங்க இருந்தா என்ன?"

ஐப்பசி முதல் சனிக்கிழமை மறுபடி கிளம்பினேன். ரோட்டில் நடக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். மோர்ப் பந்தல் இல்லை, மைக் செட் இல்லை. ஒரு பாலத்துத் திண்டில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேகம் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது. எம்புட்டு நேரம் உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. கோபுரம் தெரிந்த இடத்தில் விழுந்து, ஆசை தீரக் கிடந்தேன். ஒரு மாட்டுக்காரர் மட்டும் சுற்றிக்கொண்டு போனார்.

குன்றின் அடிவாரத்துக்கு வந்தால், முதல் படியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருக்கிறாள் என் மனைவி. பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"உங்களை வேவு பார்க்க வரலை. நானும் சாமி கும்பிடத்தான் வந்தேன்" என்றாள், நான் கேட்காமலே.

படி ஏற ஆரம்பித்தோம். நான் பேச முடியாது என்பது அவளுக்குத் தெரியும். மகள் கல்யாணத்தில் என் தங்கச்சி கோபித்துக்கொண்டு போனபோது நான் யார் பக்கம் நின்றேன் என்பதில் ஆரம்பித்தாள். எந்த வருஷமோ அவள் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் மில்லில் ஓவர்டைம் பார்த்ததைச் சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்ன வார்த்தையைச் சொன்னாள். "அவ கேட்டுட்டான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். நான் ஒரு படியில் நின்றுவிட்டேன். "ஏறுங்க, ஏறுங்க" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

சன்னதியில் கூட்டம் இல்லை. கற்பூர வெளிச்சத்தில் அவன் முகத்தை முழுசாகப் பார்த்தேன். வாயைத் திறந்து 'கோவிந்தா' என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் பேத்தி பிறந்தாள். பெருமாள் நாலு நடையில் பிள்ளையை நிறுத்திக் கொடுத்தானா, அஞ்சாவது நடைக்கு இறங்கினானா, ரோட்டில் வாய்விட்டு அதட்டினதையே காணிக்கையாக எடுத்துக்கொண்டானா, தெரியவில்லை, கேட்கவும் இல்லை. பேத்தி பிறந்த பத்தாம் நாள் சென்னையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிள்ளையின் காலில் மாட்டிவிட்டால் மூச்சு, நெஞ்சடி, தூக்கம் எல்லாம் நம் போனில் தெரியுமாம். மகள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையை என் மடியில் கிடத்திவிட்டு, "இவ முழிச்சுட்டான்னா சத்தம் குடுங்கப்பா, நான் குளிச்சுட்டு வாரேன்" என்று போனாள்.